இரண்டு முடிச்சோடு நிறுத்துங்கள்

போன மாதம் குண்டசாலையில் ஒரு வீட்டு முற்றத்தில் பாட்டு வீடியோ பிடித்தார்கள். இப்போதெல்லாம் அதற்கு 'ஆல்பம்' என்று பெயர். எனக்கு மாமியார் வேஷம். பேச்சு ஒன்றும் கிடையாது. பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு, கதிரையில் உட்கார்ந்து, மருமகளை முறைக்க வேண்டும். அந்த வேலையை வீட்டில் சம்பளம் இல்லாமலே செய்து பழகியவள் என்பதால் உடனே ஒப்புக்கொண்டேன்.

பாட்டு முன்பே பதிவு செய்தாகிவிட்டது. அது பாட்டுக்குப் போனில் ஓடுகிறது. மணப்பெண் வேஷம் போட்ட காவ்யா வாயை மட்டும் அசைக்கிறாள். மாப்பிள்ளைப் பையன் தாலியை எடுத்தான். ஒரு முடிச்சுப் போட்டான். இரண்டாவதும் போட்டான். மூன்றாவதற்குக் கையைக் கொண்டுபோனான் பாருங்கள், நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

"டேய்! நிறுத்துடா! கைய எடு மொதல்ல!"

கதிரை பின்னால் விழுந்தது. கமராக்காரர் தலையைச் சொறிந்தார். டைரக்டர் பையன் மிகவும் பவ்வியமாக, "ஆன்ட்டி, உங்களுக்கு இதுல டயலொக் இல்லயே," என்றான். காவ்யா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆன்ட்டி, இன்னைக்கு ப்ரஷர் குளிச போட்டீங்களா?" என்று கேட்டாள்.

அன்று மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளைகள் என்னைச் சுற்றி உட்கார்ந்து கதையைப் பிடுங்கிவிட்டார்கள். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். பல்லுப் போன பாட்டுக்காரி என்ன எழுதிக் கிழிக்கப்போகிறாள் என்று நினைப்பவர்கள் தாராளமாக அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.

நான் கண்டி டவுனில் பிறந்தவள். அப்பா ஒரு புடவைக் கடையில் துணி அளந்து வெட்டுகிறவர். பேச்சையும் அப்படித்தான் அளந்து வெட்டுவார். வீட்டில் வைத்த பெயர் செல்லம்மா. மேடைக்காக வைத்தது கண்டி செல்வராணி. ராணி என்றால் ஏதோ பல்லக்கில் போனேன் என்று நினைக்காதீர்கள். ஆர்மோனியப் பெட்டிக்கும் படுதா மூட்டைக்கும் நடுவில் லொறியில் போனேன். எனக்கு யாரும் பாட்டுச் சொல்லித்தரவில்லை, எல்லாம் கடவுள் கொடுத்தது என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறேன். சும்மா சொன்னது. பக்கத்து வீட்டு ரேடியோ சொல்லித்தந்தது. கோவிலில் ஒரு பாட்டு டீச்சரும் சொல்லித்தந்தார். நான் பாடத் தொடங்கினால் அவர் தூங்கிவிடுவார், அபசுரம் வந்தால் முழித்துக்கொள்வார். அதைவிட நல்ல பயிற்சி எந்தச் சங்கீதக் கல்லூரியிலும் கிடைக்காது.

மேடைக்குப் போக அப்பாவிடம் அனுமதி கேட்டபோது அவர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "தாலி ஏறுற வரைக்கும் பாடு. தாலி ஏறின அன்னைக்கு மேடைய விட்டு எறங்கிடணும்." அளந்து வெட்டிவிட்டார். நானும் சரி என்று தலையாட்டினேன். அதற்குப் பிறகு பெண் பார்க்க வந்து நான் போட்ட தேத்தண்ணீரைக் குடித்தவர்கள் யாரும் மறுபடி வரவில்லை. சீனிக்குப் பதில் உப்புப் போட்டால் எவன் வருவான்?

எங்கள் குழுவின் தலைவர் ஆறுமுகம் மாஸ்டர். பகலில் மாநகர சபையில் கிளாக்கர். பின்னேரமானால் ஆர்மோனியம், நாடகம் எழுதுவது, ஒத்திகை. மனிதருக்குச் சாமி நம்பிக்கை துளியும் கிடையாது. கோவில் திருவிழாக்களில் நாடகம் போட்டுத்தான் எங்கள் குழுவே பிழைத்தது, ஆனால் மாஸ்டர் கோவிலுக்குள் கால் வைக்க மாட்டார். "நீங்கெல்லாம் போய்க் கும்பிட்டுட்டு வாங்க, நான் செருப்புக்குக் காவலா இருக்கேன்," என்று வெளியில் நின்று பீடி குடிப்பார்.

அவருக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். "செல்லம்" என்று கூப்பிட்டால் எல்லாம் நன்றாகப் போகிறது. "செல்லம்மா" என்றால் சுருதி எங்கேயோ விலகியிருக்கிறது. "வாங்கம்மா, செல்வராணி அம்மா, இப்படி உக்காருங்க" என்றால் அன்றைக்கு வீட்டுக்கு அழுதுகொண்டுதான் போக வேண்டும். பாராட்டு என்று ஒன்றும் அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. மிக நன்றாகப் பாடினால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அந்தக் கண்ணாடி எந்நேரமும் அழுக்காகத்தான் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது ஆளுக்கொரு மைக்கைக் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு ஆடுகிறார்கள். எங்களுக்கு மேடைக்கே ஒரு மைக். மூங்கிலில் கயிறு கட்டி நடுமேடையில் தொங்கவிடுவார்கள். முக்கியமான வசனமெல்லாம் அதற்குக் கீழே வந்து நின்றுதான் பேச வேண்டும். அதனால் எங்கள் நாடகங்களில் ஜென்மப் பகையாளிகள் ரெண்டு பேர் மூக்கோடு மூக்கு உரச நின்று சண்டை போடுவார்கள். என்னைக் கடத்த வந்த வில்லன், "கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளும்மா," என்று காதில் சொல்லிவிட்டுத்தான் உறுமுவார்.

மாஸ்டரிடம் சில சட்டங்கள் உண்டு. மேடையில் செத்தவன் திரை விழும்வரை இருமக் கூடாது. பாதியில் மழை வந்தால் பாட்டை முடித்துவிட்டுத்தான் ஓட வேண்டும். மூன்றாவது, தாலிச் சட்டம். மேடைக் கல்யாணத்தில் மஞ்சள் கயிறு கூடாது, வெள்ளைக் கயிறுதான். மஞ்சள் கிழங்கு கூடாது, பித்தளை வில்லைதான். முடிச்சு இரண்டுதான். மூன்றாவது விழுந்தால் ஊர்க்காரர்கள் அதை நாடகமாகப் பார்க்க மாட்டார்கள் என்பார். "எனக்கு நம்பிக்கை இல்ல. ஆனா பாக்கிறவங்களுக்கு இருக்கே. அவங்க நம்பிக்கையில நாம வெளையாடக் கூடாது." இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் கிண்டல் இருக்காது.

நாங்கள் போகாத ஊர் இல்லை. கெலிஓயாவில் கல்யாண வீடுகள், கண்டியில் கோவில் கச்சேரிகள், மலையில் தோட்டத்துக்குத் தோட்டம் திருவிழா நாடகங்கள். ஒரு சினிமாவிலும் நடித்தேன். கொழுந்து பறிக்கும் பெண்ணாக நாள் முழுக்க வெயிலில் நின்றேன். படம் வந்ததும் தெருவே கூடிப் பார்க்கப் போனோம். படத்தில் என் கை மட்டும் வந்தது. "கை நல்லாயிருக்கு புள்ள," என்று அம்மா ஆறுதல் சொன்னார். கொழும்பு வானொலியில் பாட்டுத் தேர்வுக்குப் போனபோது யாழ்ப்பாணத்து அதிகாரி ஒருவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "குரல் இருக்குது பிள்ளை. அடக்கம்தான் இல்லை. எண்டாலும் வாரும், பாப்பம்," என்றார். அடக்கம் இல்லாத குரலைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அந்தச் சந்தோசத்தில் நான் மிதந்துகொண்டிருந்தபோதுதான் பன்விலப் பக்கத்துத் தோட்டத்தில் அந்தக் கூத்து நடந்தது.

மாரியம்மன் திருவிழா. பின்னேர வெயிலோடு நாடகத்தைத் தொடங்கி, தேர் கிளம்புவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று பேச்சு. மேடை அம்மன் சந்நிதியைப் பார்த்தபடி. எங்கள் நாடகத்தில் முதல் பாதியில் கல்யாணம். இரண்டாம் பாதியில் புருசன் வெள்ளத்தில் போய்ச் செத்துவிடுவான். நான் தாலியைக் கழற்றி வைத்துவிட்டு ஒப்பாரி பாடுவேன். அந்த ஒப்பாரிக்காகத்தான் கூட்டமே வரும். பெண்கள் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருப்பார்கள்.

அன்று காலையில் எங்கள் கதாநாயகனுக்கு மஞ்சள் காமாலை என்று செய்தி வந்தது. மாஸ்டர் என்ன செய்வார்? அந்தத் தோட்டத்திலேயே தேயிலை ஆலையில் வேலை செய்த கனகு என்ற பையன் இதே நாடகத்தைப் பல தோட்டங்களில் பார்த்து வசனம் முழுவதும் மனப்பாடம் என்றான். ஆள் பார்க்க லட்சணம். மேடைதான் புதிது. மாஸ்டர் அவனை உட்காரவைத்துக் காலை முழுக்க ஒன்றையே சொன்னார்: "ரெண்டு முடிச்சு தம்பி. ரெண்டே ரெண்டு. வசனம் மறந்தாலும் பரவாயில்ல, இத மறந்துடாத." கனகு மறக்கவில்லை. அதை அவன் கணக்கில் எழுதிவிட வேண்டும்.

எங்கள் சாமான் பெட்டி கோவில் மண்டபத்தில் இருந்தது. அந்தக் கோவில் பூசாரி சின்னையா மிகவும் நல்ல மனிதர். நல்ல மனிதர்களால்தான் உலகத்தில் பாதி ஆபத்து. பெட்டியில் வெள்ளைக் கயிற்றைப் பார்த்தவருக்கு மனசு கேட்கவில்லை. 'திருவிழா நாள்ல அபசகுனமா' என்று அதை மஞ்சளில் நனைத்து, பித்தளை வில்லையைக் கழற்றிவிட்டு மஞ்சள் கிழங்கைக் கட்டி, பூசை முடியும்வரை அம்மன் காலடியில் வைத்து, பயபக்தியோடு எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்கள். எனக்கு சாமி கொடுக்காததைப் பூசாரி கொடுத்துவிட்டார்.

கல்யாணக் காட்சி வந்தது. கனகு கயிற்றை என் கழுத்தருகில் கொண்டுவந்தபோது பச்சை மஞ்சள் வாசம் குப்பென்று அடித்தது. என்னடா இது என்று யோசிப்பதற்குள் கோவில் மேளக்காரர்கள் உற்சாகத்தில் நிஜமான கெட்டி மேளத்தை முழக்கிவிட்டார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். கனகு ஒன்று போட்டான், இரண்டு போட்டான், கையை எடுத்துவிட்டான். அப்பாடா என்று மூச்சு விட்டேன். அப்போது என் பிடரியில் வேறொரு கை பட்டது.

கனகுவின் அக்கா! முன்வரிசையில் இருந்தவள், தம்பி இரண்டோடு நிறுத்தியதும், நாத்தனார் முடிச்சைத் தனக்காகத்தான் விட்டு வைத்திருக்கிறான் என்று நினைத்து, ஒரே தாவில் மேடைக்கு வந்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் மூன்றாவது முடிச்சு நாத்தனார் போடுவதுதானே வழக்கம்? இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டு, என் தலையில் பூவையும் தூவிவிட்டு, வெட்கத்தோடு இறங்கிப் போனாள். கூட்டம் முழுவதும் அட்சதையாகப் பூ எறிந்தது. ஆர்மோனியம் நின்றுவிட்டது. மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் மாஸ்டரைப் பார்த்தேன்.

"நாடகத்தைத் தொடருங்க," என்று அவர் சைகை காட்டினார். தொடர்ந்திருக்கலாம். ஆனால் அடுத்த காட்சியில் கனகு சாக வேண்டும். அவன் அம்மா பாக்கியம் மேடையில் ஏறி நடுவில் நின்றுவிட்டார்.

"எம்புள்ள சாக வேணாம்," என்றார்.

"இது நாடகம்மா," என்றார் மாஸ்டர்.

"மொதல்ல நாடகந்தான் மாஸ்டர். இப்ப அம்மன் காலடியில வச்ச தாலி ஏறிடுச்சே. இந்தப் புள்ள அத கழட்டினா எம்புள்ளைக்கு என்ன ஆகும்? நான் ஒரு தடவ கழட்டினவ. மண்ணு சரிஞ்சு இவன் அப்பா போனப்ப கழட்டினேன். அது நாடகம் இல்ல."

அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். கோபப்படவும் முடியவில்லை. காலடியில் வைத்த கதை அப்போதுதான் மாஸ்டருக்கே தெரிந்தது. அவர் பூசாரியைத் திரும்பிப் பார்த்தார்.

"வாங்க பூசாரி ஐயா," என்றார் மிகுந்த மரியாதையோடு.

பூசாரிக்கு அந்த மரியாதையின் அர்த்தம் தெரியாது. சந்தோசமாக வந்து தீர்ப்பும் சொல்லிவிட்டார். "மஞ்சக் கயிறு, கெட்டி மேளம், மூணு முடிச்சு. அம்மன் சாட்சி. இதுல என்ன கொற? பொண்ணோட அப்பாருக்கு ஆள் அனுப்புவோம்."

அப்பாருக்கு ஆள் அனுப்பினால் அவர் என்ன சொல்வார் என்பது எனக்குத் தெரியும். தாலி ஏறிவிட்டது, இறங்கு. வானொலி போச்சு, மேடை போச்சு, கண்டி செல்வராணி போச்சு. பக்கத்தில் கனகு என்னிடம் அழுகிற குரலில், "அக்கா, எனக்கு மூணாவது வரிசையில ஒரு பொண்ணு இருக்குங்க," என்று முனகினான். பார்த்தேன். மூன்றாவது வரிசையில் ஒருத்தி என்னைக் கண்ணாலேயே எரித்துக்கொண்டிருந்தாள். பின்னால் சிலர், "நாடகத்தப் போடுங்கப்பா!" என்று கத்தத் தொடங்கினார்கள்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. கொண்டையில் இருந்த ஊசியை உருவினேன். முடி அவிழ்ந்து விழுந்தது. கால் கட்டை விரலில் நடுக்கத்தைத் தொடங்கி, முழங்காலுக்கு ஏற்றி, இடுப்புக்கு ஏற்றி, அடிவயிற்றிலிருந்து ஒரு கூச்சல் போட்டேன். அடக்கம் இல்லாத குரல் அன்றைக்கு உதவியது.

யாருக்கும் என்ன நடக்கிறது என்று புரிவதற்கு முன் மாஸ்டருக்குப் புரிந்துவிட்டது. "உடுக்கைய எடு!" என்று மேளக்காரரைப் பார்த்துக் கத்தினார். பிறகு, கோவில் வாசலில் செருப்புக்குக் காவல் நின்ற அந்த மனிதர், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, என் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"தாயே! வந்திருக்கிறது யாரு தாயே?"

"யாருன்னா கேக்குற? என் வாசல்ல நின்னுக்கிட்டு என்னயே யாருன்னு கேக்குறியா!" அவர் மேல் எனக்குப் பல நாள் பாக்கி இருந்தது, அந்த வரியில் கொஞ்சம் தீர்த்துக்கொண்டேன்.

பூசாரி கற்பூரத்தோடு ஓடிவந்தார். அவரைப் பிடித்துக்கொண்டேன். "சின்னையா! நீ எனக்குப் பூசாரியா, இவளுக்குப் பூசாரியா? எங்காலடியில வச்சத எடுத்து எவ கழுத்துல கட்டின?"

"தாயி, தெரியாமச் செஞ்சிட்டேன் தாயி!"

"என் காலுக்கு வந்தது எனக்கு! எந்தாலி எங் கழுத்துக்கு வரணும்! அறுக்கக் கூடாது, அவுக்கக் கூடாது. முடிச்சோட எடுத்து எனக்குப் போடு. எம்புள்ள கனகுக்கு நூறு வயசு. பெத்தவ கையால எடுக்கட்டும்!"

பாக்கியம் கிட்டே வந்தார். என் முகத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு கயிற்றைத் தலைவழியாக மெதுவாகக் கழற்றினார். மேடைக்காக நீளமாக வெட்டிய கயிறு, அதனால் முடிச்சு அவிழாமல் வந்தது. பூசாரி அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஓட, மேளம் முழங்க, அது அம்மன் கழுத்தில் ஏறியது. நான் மரியாதையாக மயங்கி விழுந்தேன். மாஸ்டர் குனிந்து தண்ணீர் தெளிக்கிற சாக்கில், "சுருதி கொஞ்சம் ஏறிடுச்சு," என்றார். ஆனால் கண்ணாடி கையில் இருந்தது. வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

நாடகம் தொடர்ந்தது. படுதாக் கயிற்றில் ஒரு துண்டை வெட்டித் தாலியாக்கினோம். கனகு வெள்ளத்தில் போனான். அவன் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து, கடலை கொறித்துக்கொண்டு, மகன் சாவதை நிம்மதியாகப் பார்த்தார். என் ஒப்பாரிக்கு அன்று அழாத ஆள் இல்லை. நானும் அழுதேன். மண் சரிந்து போன ஒருவருக்காக அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். எத்தனையோ மேடைகளில் அதைப் பாடியிருக்கிறேன். அந்த மாதிரி ஒருநாளும் வரவில்லை.

வேஷம் கலைத்துக்கொண்டிருந்தபோது பாக்கியம் ஒரு கோப்பை பிளேன்டீ கொண்டுவந்தார். பக்கத்தில் யாரும் இல்லையா என்று பார்த்துக்கொண்டு கிட்டே உட்கார்ந்தார்.

"நல்லா ஆடின தாயி," என்றார்.

நான் தேத்தண்ணீரை விழுங்க மறந்தேன். "சாமிதானேம்மா ஆடிச்சு," என்றேன்.

"ஆமா ஆமா, சாமிதான். எனக்கும் ரெண்டு தடவ வந்திருக்கு. அவுக குடிச்சிட்டு வந்து அடிக்கிறப்ப ஒருக்கா. மாமியா எம்மகள பள்ளிக்கூடம் விட்டு நிப்பாட்டப் பாத்தப்ப ஒருக்கா." சிரிக்காமல் சொன்னார். "பெத்தவ கையால எடுக்கச் சொன்ன பாரு, அதுலதான் எனக்குப் பயம் போச்சு. ஆனா ஒண்ணு தாயி. நடுவுல மாராப்ப இழுத்துச் சரி பண்ணிக்கிட்ட. சாமி வந்தவ மாராப்பச் சரி பண்ண மாட்டா. இனிமே ஆடினா அத பாத்துக்க."

வானொலியிலும் பத்திரிகையிலும் என் நடிப்பைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார்கள். எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை.

அதன் பிறகு நான் மேடையில் நின்ற காலம் நீளமானது. ஒலிநாடாவில் என் பாட்டு வந்தது, இரண்டு படத்தில் முகமும் வந்தது. எத்தனையோ பேர் எனக்கு மேடையில் தாலி கட்டினார்கள், எல்லோரும் இரண்டு முடிச்சோடு நின்றார்கள். "நெசக் கல்யாணம் யாரோட ஆன்ட்டி?" என்று காவ்யா கேட்டாள். எங்கள் தபேலாக்காரரோடு. நான் பாடினால்தான் அவருக்கு வாசிக்க வேலை. அப்படிப்பட்ட ஆளாகப் பார்த்துத்தான், உப்புப் போடாமல் தேத்தண்ணீர் கொடுத்தேன்.

பாக்கியத்துக்கும் கனகுவுக்கும் கல்யாணத்துக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். மூன்றாவது வரிசைக்காரியோடு கனகு வந்தான்; அவள் அப்போதும் என்னைக் கொஞ்சம் முறைத்தாள். தபேலாக்காரர் இரண்டு முடிச்சுப் போட்டார். நாத்தனார் மூன்றாவதுக்குக் குனிந்தபோது என் தோளிலிருந்து சேலை நழுவியது. கை தூக்கவா வேண்டாமா என்று நான் தயங்கினேன். பின்னால் நின்ற பாக்கியம் காதருகில் குனிந்து சொன்னார்: "இப்ப சரி பண்ணிக்க தாயி. இது நெசம்."

சரி பண்ணிக்கொண்டேன். மூன்றாவது முடிச்சு விழுந்தது.

அன்று பின்னேரம் கெலிஓயாவில் ஒரு கல்யாண வீட்டில் எங்களுக்குக் கச்சேரி. முன்பே ஒப்புக்கொண்டது. புதுத் தாலியோடு நான் கிளம்பியபோது அப்பா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "தாலி ஏறின அன்னைக்கு எறங்கிடணும்னு சொன்னேன்ல?" என்றார். "மாமா, கொஞ்சம் தள்ளுங்க," என்று மாப்பிள்ளை தபேலாவைத் தூக்கிக்கொண்டு அவரைத் தாண்டிப் போய் வேனில் ஏற்றினார்.